அந்தப் புத்தகத்தை ஏன் சிறையில் போடவில்லை? குவேக்கர்களும் ஆங்கிலிக்கன் சபையும்

1664ஆம் ஆண்டு. வட இங்கிலாந்தில் லங்காஸ்டர் நகரத்து நீதிமன்றத்தில், குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவ இயக்கத்தைத் தொடங்கிய ஜார்ஜ் ஃபாக்ஸ் நிற்கிறார். அரசருக்கு விசுவாசமாக இருப்பேன் என்று சத்தியம் செய்யச் சொல்லி அவர் கையில் வேதாகமத்தைக் கொடுக்கிறார்கள். புத்தகத்தை முத்தமிட்டுச் சத்தியம் செய்வது அந்நாட்டு வழக்கம். ஃபாக்ஸ் புத்தகத்தைத் திறந்து பிடித்துக்கொண்டு பேச ஆரம்பிக்கிறார். முத்தமிடவும் சத்தியம் செய்யவும் இந்தப் புத்தகத்தைக் கொடுத்தீர்கள். இந்தப் புத்தகமோ குமாரனை முத்தஞ்செய்யச் சொல்கிறது. அந்தக் குமாரன் இதே புத்தகத்தில் சத்தியமே பண்ணவேண்டாம் என்கிறார். புத்தகம் சொல்வதைத்தான் நானும் சொல்கிறேன். என்னைச் சிறையில் போடுகிற நீங்கள் புத்தகத்தை ஏன் போடவில்லை?

பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் கையிலிருந்து வேதாகமத்தைப் பிடுங்கிவிட்டார்கள். ஜார்ஜ் ஃபாக்ஸைத்தான் சிறையில் போடுவோம் என்றார் நீதிபதி. போட்டார்கள். 1666 வரை, முதலில் லங்காஸ்டரிலும் பிறகு ஸ்கார்பரோ கோட்டையிலும் அவர் கிடந்தார்.

குவேக்கர்களுக்கும் இங்கிலாந்தின் அரசு சபையான ஆங்கிலிக்கன் சபைக்கும் நடந்த சண்டையைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக இறையியலில் தொடங்குவார்கள். உள்ளொளி, திருவிருந்து, ஞானஸ்நானம், குருத்துவம் என்று வரிசை போகும். அதெல்லாம் உண்மைதான். ஆனால் இறையியல் கருத்து வேறுபாடு மட்டும் ஒருவரின் மாட்டை ஓட்டிக்கொண்டு போகாது, பானை சட்டியை ஏலம் விடாது. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சபை என்பது ஞாயிற்றுக்கிழமைக் காரியம் மட்டும் அல்ல. பிறந்த குழந்தையைப் பதிவேட்டில் எழுதுவது, கல்யாணம் செய்து வைப்பது, பிணத்தைப் புதைப்பது, உயிலை நிரூபிப்பது, விளைச்சலில் பத்தில் ஒன்றைத் தசமபாகமாக வாங்கிக்கொள்வது எல்லாமே சபையின் கையில் இருந்தன. அதன் தலைவர் நாட்டின் அரசர். அதை மறுத்தவர் ஒரு வழிபாட்டு முறையை மட்டும் மறுத்துவிட்டுப் போக முடியவில்லை. வாழ்க்கையின் ஒவ்வொரு திருப்பத்திலும் யாரோ ஒருவரிடம் “மாட்டேன்” என்று சொல்ல வேண்டியிருந்தது. குவேக்கர்கள் சொன்னார்கள். அதுதான் அவர்களின் கதை.

ஒரு நெசவாளியின் மகன்

ஃபாக்ஸ் 1624இல் லெஸ்டர்ஷையர் பகுதியில் ஒரு சிற்றூரில் பிறந்தார். அப்பா நெசவாளி. பையன் செருப்புத் தைப்பவர் ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்தார். 19 வயதில் வீட்டை விட்டுக் கிளம்பி ஊர் ஊராக அலைந்தார். பார்த்த குருமார் யாரும் அவர் மனக்கலக்கத்துக்குப் பதில் சொல்லவில்லை. ஆக்ஸ்ஃபோர்டிலோ கேம்பிரிட்ஜிலோ படித்துவிட்டதால் மட்டும் ஒருவர் கிறிஸ்துவின் ஊழியராகிவிட முடியாது என்ற எண்ணம் 1646 வாக்கில் அவருக்கு உறைத்தது. அடுத்த ஆண்டு, இயேசு கிறிஸ்து ஒருவரே உன் நிலைக்குப் பேசக்கூடியவர் என்று ஒரு குரல் கேட்டதாகத் தம் நாட்குறிப்பில் சொல்கிறார்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். ஃபாக்ஸ் ஊர் ஊராகப் பிரசங்கித்த 1650களில் ஆங்கிலிக்கன் சபையே தலைமறைவாகத்தான் இருந்தது. உள்நாட்டுப் போரில் அரசர் தோற்று, 1649இல் தலை வெட்டப்பட்டிருந்தார். பேராயர்கள் பதவி ஒழிக்கப்பட்டு, பொது ஜெபப் புத்தகம் தடை செய்யப்பட்டிருந்தது. ஆகவே ஃபாக்ஸ் முதலில் மோதியது ஊர்க் கோயில்களில் உட்கார்ந்திருந்த பியூரிட்டன் போதகர்களோடு, அதாவது பழைய சபையின் சடங்குகளைக் களைய நினைத்த சீர்திருத்தக்காரர்களோடு. 1660இல் இரண்டாம் சார்லஸ் திரும்பி வந்த பிறகுதான் பழைய சபை மறுபடி அரியணை ஏறியது. அதே கோயில், அதே தசமபாகம், அதே பிரசங்க பீடம், ஆள்தான் மாறியிருந்தார். குவேக்கர்களைப் பொறுத்தவரை பியூரிட்டனும் ஆங்கிலிக்கனும் ஒரே ரகம்: சம்பளம் வாங்கிக்கொண்டு கடவுளைப் பேசுகிறவர்கள்.

குவேக்கர் என்ற பெயரும் எதிரி வைத்ததே. நடுங்குகிறவர் என்று பொருள். 1650இல் டார்பி நகரத்தில் ஃபாக்ஸ் நீதிபதி ஒருவரிடம் கர்த்தருடைய வார்த்தைக்கு முன் நடுங்கு என்று சொல்ல, அவர் கேலியாகத் திருப்பிச் சொன்ன பெயர் ஒட்டிக்கொண்டது. அவர்கள் தங்களை நண்பர்கள் என்றார்கள்.

1652இல் ஃபாக்ஸ் அல்வர்ஸ்டன் ஊர்க் கோயிலுக்குள் போய் எழுந்து பேசினார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் உள்ளூர் நீதிபதியின் மனைவி மார்கரெட் ஃபெல் ஒருவர். கிறிஸ்து இப்படிச் சொன்னார், அப்போஸ்தலர்கள் அப்படிச் சொன்னார்கள் என்கிறீர்கள்; நீ என்ன சொல்கிறாய்? இதுதான் ஃபாக்ஸ் கேட்ட கேள்வி. மார்கரெட் தம் இருக்கையில் உட்கார்ந்து அழுதுவிட்டார். நாமெல்லாரும் திருடர்கள், வேத வார்த்தைகளை வாயில் எடுத்துக்கொண்டோமே தவிர நமக்குள் அவற்றை அறியவில்லை என்று தோன்றியதாகப் பின்னாளில் எழுதினார். அவருடைய வீடான ஸ்வார்த்மூர் ஹால் இயக்கத்தின் தலைமையகமானது. கணவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து, 1669இல், அவர் ஃபாக்ஸையே மணந்துகொண்டார்.

கோயிலும் சபையும்

குவேக்கர்கள் கோயில் கட்டடத்தை சபை என்று சொல்ல மறுத்து, ஊசிக்கோபுர வீடு என்று கூப்பிட்டார்கள். ஆங்கிலத்தில் கட்டடத்துக்கும் மக்கள் கூட்டத்துக்கும் ‘சர்ச்’ என்ற ஒரே சொல் என்பதால் வந்த சண்டை இது. திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர்களுக்கு இந்தக் குழப்பமே கிடையாது. கட்டடம் கோயில், மக்கள் சபை. ஃபாக்ஸ் தமிழராக இருந்திருந்தால் ஒரு வழக்காவது மிச்சமாகியிருக்கும்.

சரி, கருத்து வேறுபாட்டின் அடித்தளம் என்ன? யோவான் சுவிசேஷம் முதல் அதிகாரத்தில், உலகத்திலே வந்து எந்த மனுஷனையும் பிரகாசிப்பிக்கிற ஒளி என்று ஒரு வசனம் வருகிறது. அந்த ஒளி கிறிஸ்துவே, அது ஒவ்வொருவருக்குள்ளும் இருக்கிறது, கேட்க மனமிருந்தால் நேரடியாகப் பேசும் என்றார்கள் குவேக்கர்கள். படித்தவர், படிக்காதவர், ஆண், பெண், கிறிஸ்துவின் பெயரையே கேள்விப்படாதவர் என்ற வேறுபாடு அதற்கு இல்லை. இதை ஏற்றுக்கொண்டால் மற்றவை தாமாக வரும். ஒளி நேரடியாகப் பேசுமானால் இடையில் குருவானவர் எதற்கு? எழுதி வைத்த ஜெபம் எதற்கு? அதனால் அவர்கள் வழிபாட்டில் பீடம் இல்லை, பாட்டு இல்லை, புத்தகம் இல்லை. எல்லோரும் மௌனமாக உட்கார்ந்திருப்பார்கள். ஆவி யாரை எழுப்புகிறதோ அவர் பேசலாம். அது பெண்ணாகவும் இருக்கலாம். பெண்கள் பேசுவது வேதத்துக்கு ஏற்றதே என்று வாதிட்டு மார்கரெட் ஃபெல் 1666இல் சிறையில் இருந்தபடியே ஒரு சிறு நூல் எழுதினார். இங்கிலாந்து சபை பெண்களைக் குருவாக அபிஷேகம் செய்தது 1994இல்.

திருமுழுக்கும் திருவிருந்தும் இப்படித்தான் விழுந்தன. குவேக்கர்களின் இறையியலை ஒழுங்குபடுத்தி எழுதியவர் ராபர்ட் பார்க்ளே என்ற ஸ்காட்லாந்துக்காரர். 1676இல் லத்தீனிலும் 1678இல் ஆங்கிலத்திலும் வந்த அவருடைய நூல், தண்ணீர் ஞானஸ்நானம் யோவான் ஸ்நானகனுடையது, நிழல். கிறிஸ்து தருவது ஆவியின் ஞானஸ்நானம், அதுவே நிஜம். நிஜம் வந்த பிறகு நிழல் எதற்கு என்று கேட்டது. அதைவிட ஆங்கிலிக்கன்களை உறுத்தியது வேதாகமத்தைப் பற்றி அவர் சொன்னதுதான். வேதாகமம் ஊற்றைப் பற்றிய அறிவிப்பே தவிர ஊற்று அல்ல. அது ஆவிக்குக் கீழ்ப்பட்ட இரண்டாம் அளவுகோல் என்றார்.

ஆங்கிலிக்கன் சபையின் அதிகாரபூர்வக் கோட்பாடான 39 விதிகளைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால், குவேக்கர்கள் வரிசையாக இடிப்பது தெரியும். 6ஆம் விதி, இரட்சிப்புக்கு வேண்டிய அனைத்தும் வேதாகமத்தில் உண்டு என்கிறது. 23ஆம் விதி, முறைப்படி அழைக்கப்படாதவர் சபையில் போதிக்கலாகாது என்கிறது. 27ஆம் விதி ஞானஸ்நானம் பற்றியது. 37ஆம் விதி, அதிகாரியின் கட்டளைப்படி ஆயுதம் ஏந்திப் போருக்குப் போகலாம் என்கிறது. கடைசி விதியான 39ஆவது, அதிகாரி கேட்கும்போது கிறிஸ்தவர் சத்தியம் செய்யலாம் என்று சொல்வதற்காகவே இருக்கிறது. இந்த விதிகள் 1571இல் முடிவானவை, ஃபாக்ஸ் பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன். முந்தைய தலைமுறையில் ஐரோப்பாவில் எழுந்த, குழந்தை ஞானஸ்நானத்தை மறுத்த அனபாப்டிஸ்டுகளை மனதில் வைத்து எழுதிய வேலி அது. குவேக்கர்கள் வந்து அதே வேலியில் மோதினார்கள்.

ஆங்கிலிக்கன் தரப்பைக் கொடுங்கோலர்கள் என்று எழுதிவிட்டுப் போவது எளிது. பல தமிழ்க் கட்டுரைகளும் குவேக்கர் தலைவர் வில்லியம் பென்னைப் புனிதராக்கிவிட்டு எதிரே நிற்பவர்களை முகமில்லாமல் விட்டுவிடுகின்றன. ஆனால் அவர்கள் எழுப்பிய கேள்வி கனமானது. உள்ளே கேட்கும் குரல் கடவுளுடையதா, ஆசையுடையதா, பித்தினுடையதா என்று யார் சொல்வது? இது வெறும் கற்பனை பயம் அல்ல. 1656இல் ஃபாக்ஸுக்கு நிகரான தலைவராக இருந்த ஜேம்ஸ் நெய்லர், கொட்டும் மழையில் குதிரை மேல் ஏறி பிரிஸ்டல் நகரத்துக்குள் நுழைந்தார். கூட வந்தவர்கள் பரிசுத்தர், பரிசுத்தர் என்று பாடிக்கொண்டு வந்தார்கள். இயேசு எருசலேமுக்குள் போன காட்சியைத் திரும்ப நடித்தது போல. தாம் கிறிஸ்து அல்ல, கிறிஸ்து தமக்குள் இருப்பதன் அடையாளம் இது என்றார் நெய்லர். நாடாளுமன்றம் அவருடைய நாக்கைத் துளைத்து, நெற்றியில் சூடு போட்டது. தண்டனை கோரமானது. கேள்வி அப்படியே நின்றது.

குவேக்கர்களே அதை உணர்ந்தார்கள் என்பதற்கு ஒரு சின்னச் சான்று உண்டு. ஜெபிக்கும்போது ஆண்கள் தொப்பியைக் கழற்றுவது அவர்கள் வழக்கம். 1660களின் தொடக்கத்தில் ஜான் பெரட் என்பவர், எனக்குள் இருக்கும் ஒளி கழற்றச் சொல்லவில்லை, கழற்றமாட்டேன் என்றார். ஒளியின் பேரால் உலகத்தையே எதிர்த்த ஃபாக்ஸ், இதைப் பொறுக்க மாட்டாமல் பெரட்டைக் கண்டித்தார். அப்புறம் படிப்படியாக மாதக் கூட்டம், காலாண்டுக் கூட்டம், ஆண்டுக் கூட்டம் என்று ஓர் அமைப்பு எழுந்தது. தனி ஆளின் ஒளியைக் கூட்டத்தின் ஒளி சோதிக்கும். பேராயர் இல்லாத ஒரு பேராயம் என்று ஓர் ஆங்கிலிக்கன் கேலி செய்திருந்தால் முழுத் தப்பு என்று சொல்ல முடியாது.

தொப்பியும் ‘நீ’யும்

தொப்பியை ஜெபத்தில் கழற்றியவர்கள் நீதிபதி முன்னால் கழற்ற மறுத்தார்கள். காரணம் அதுவேதான்: அந்த மரியாதை கடவுளுக்கு மட்டும். அதேபோல அன்றைய ஆங்கிலத்தில் பெரியவர்களைப் பன்மையில் அழைப்பது மரியாதை. குவேக்கர்கள் ஒருவரை ஒருமையில்தான் கூப்பிடுவோம், அதுதான் உண்மை என்றார்கள். இதை இன்றைய ஆங்கிலேயருக்கு விளக்கப் பத்து வரி வேண்டும், அவர்கள் மொழியில் அந்த வேறுபாடே அழிந்துவிட்டது. தமிழருக்கு ஒரு வரி போதும். தாசில்தார் அலுவலகத்தில், தோளில் கிடக்கும் துண்டை எடுக்காமல், “நீ என்ன சொல்கிறாய்?” என்று கேட்கும் ஒரு கூலிக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். எதிரே இருப்பவரின் முகம் எப்படிப் போகும் என்பது நமக்குத் தெரியும். சாமியை ‘நீ’ என்று கூப்பிடலாம், அதிகாரியைக் கூடாது என்ற கணக்கும் நமக்குத் தெரிந்ததே.

1656இல் லான்ஸ்டன் நகரத்தில் தலைமை நீதிபதி கிளின், மோசே காலத்திலிருந்து தானியேல் காலம் வரை வேதத்தில் எங்கேயாவது தொப்பி உண்டா, காட்டு என்று ஃபாக்ஸை மடக்கப் பார்த்தார். தானியேல் மூன்றாம் அதிகாரம் பார், மூன்று வாலிபரை அக்கினிச் சூளையில் போட்டபோது தலையில் தொப்பியோடு போட்டார்கள் என்றார் ஃபாக்ஸ். தமிழ் வேதாகமத்தில் அது ‘பாகைகள்’. நீதிபதிக்குப் பதில் வரவில்லை. கொண்டுபோங்கள் இவர்களை என்றார்.

தொப்பிக்கு அபராதம்தான். சத்தியம் செய்ய மறுத்ததற்குக் கொடுத்த விலை வேறு. மத்தேயு 5ஆம் அதிகாரத்தில் “பரிச்சேதம் சத்தியம்பண்ணவேண்டாம்” என்று இயேசு சொல்வதை அவர்கள் எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டார்கள். சத்தியம் செய்து பேசுவதே, சத்தியம் செய்யாதபோது பொய் சொல்வேன் என்று ஒப்புக்கொள்வதுதானே என்பது அவர்கள் வாதம். ஆனால் உள்நாட்டுப் போர் முடிந்து பத்தாண்டுகூட ஆகாத நாட்டில், யார் அரசருக்கு வேண்டியவர், யார் வேண்டாதவர் என்று பார்க்க சத்தியத்தைவிட்டால் வேறு கருவி இல்லை. 1661 ஜனவரியில் ஐந்தாம் முடியாட்சிக்காரர்கள் என்ற வேறொரு குழு லண்டனில் ஆயுதம் எடுத்தபோது, நாலாயிரத்துக்கும் மேற்பட்ட குவேக்கர்களைச் சந்தேகத்தில் பிடித்துப் போட்டார்கள். எந்தக் காரணத்துக்காகவும் ஆயுதம் எடுக்கமாட்டோம் என்று ஃபாக்ஸும் மற்றவர்களும் அரசருக்கு அறிக்கை எழுதியது அந்த மாதத்தில்தான். குவேக்கர்களின் அகிம்சை என்று இன்று உலகம் பேசுவதன் மூல ஆவணம் அது.

சத்தியம் நீதிபதிகளுக்கு வசதியான வலையும் ஆனது. வேறு குற்றம் நிரூபணமாகவில்லையா? அரசருக்கு விசுவாசமாயிருப்பேன் என்ற சத்தியத்தை நீட்டு. மறுப்பார்கள். மறுத்தால் ‘ப்ரெமுனைரி’ என்ற பழைய தண்டனை: அரசரின் பாதுகாப்பு போய்விடும், சொத்து பறிமுதல், அரசர் மனம் வைக்கும் வரை சிறை. மார்கரெட் ஃபெல் 1664 முதல் 1668 வரை இதில்தான் உள்ளே இருந்தார். 1662இல் குவேக்கர்களின் பெயரைச் சொல்லியே ஒரு சட்டம் வந்தது. சத்தியம் மறுத்தாலோ, ஐந்து பேரோ அதற்கு மேலோ கூடினாலோ முதல் முறை 5 பவுண்டு, இரண்டாம் முறை 10 பவுண்டு, மூன்றாம் முறை நாடுகடத்தல்.

மற்ற எதிர்ப்பு சபையினர் இரவில், காட்டில், பின்கட்டில் கூடினார்கள். குவேக்கர்கள் வழக்கமான நேரத்துக்கு, வழக்கமான இடத்தில், கதவைத் திறந்து வைத்துக் கூடினார்கள். இடத்தைப் பூட்டினால் தெருவில் கூடினார்கள். 1682இல் பிரிஸ்டலில் பெரியவர்கள் எல்லோரும் சிறைக்குப் போய்விட, குழந்தைகளே கூட்டத்தை நடத்தினார்கள். இரண்டாம் சார்லஸ் ஆட்சிக் காலத்தில் நானூறுக்கும் மேற்பட்ட குவேக்கர்கள் சிறைகளில் செத்தார்கள்.

தெருவில் கூடியதுதான் 1670 ஆகஸ்டில் அந்தப் புகழ்பெற்ற வழக்கைக் கொண்டுவந்தது. லண்டனில் கிரேஸ்சர்ச் தெருவில் இருந்த கூடத்தைப் படைவீரர்கள் அடைத்துவிட, வில்லியம் பென் வாசலில் நின்று பேசினார். கடற்படைத் தளபதியின் மகன், 25 வயது. அவரையும் வில்லியம் மீடையும் பிடித்தார்கள். இவர்கள் தொப்பியில்லாமல் உள்ளே வர, காவலரை விட்டுத் தலையில் தொப்பியை வைக்கச் செய்து, பிறகு தொப்பி அணிந்ததற்காக ஆளுக்கு 40 மார்க் அபராதம் போட்டது நீதிமன்றம். ஜூரிகள் குற்றவாளி என்று சொல்ல மறுத்தார்கள். அவர்களை இரண்டு இரவு, சாப்பாடு, நெருப்பு, புகையிலை, மூத்திரச் சட்டி எதுவும் இல்லாமல் அடைத்து வைத்தும் மசியவில்லை. கடைசியில் அபராதம் கட்ட மறுத்த எட்வர்ட் புஷல் என்ற ஜூரி உயர் நீதிமன்றத்துக்குப் போக, தீர்ப்புக்காக ஜூரியைத் தண்டிக்கக் கூடாது என்று தலைமை நீதிபதி வான் சொன்னார். ஆங்கிலச் சட்டத்தில் ஜூரிகளின் சுதந்திரம் இந்த வழக்கில்தான் உறுதிப்பட்டது.

பத்தில் ஒன்று

சிறை, விசாரணை எல்லாம் கதை சொல்ல நன்றாக இருக்கும். ஆனால் ஒரு சாதாரணக் குவேக்கர் விவசாயிக்கும் அவர் ஊர் ஆங்கிலிக்கன் குருவுக்கும் வருஷா வருஷம் நடந்த சண்டை தசமபாகம். அது 1830கள் வரை நீடித்தது.

பத்துக் கட்டு கதிரில் ஒரு கட்டு, பத்து ஆட்டுக்குட்டியில் ஒன்று. கம்பளி, பால், முட்டை, தேன், பன்றிக்குட்டி வரை கணக்கு உண்டு. தானியமும் உலர்புல்லும் பெரிய தசமபாகம், மற்றவை சிறியது. லேவியருக்குக் கொடுத்த தசமபாகம் கிறிஸ்து வந்ததும் முடிந்துவிட்டது, “இலவசமாய்ப் பெற்றீர்கள், இலவசமாய்க் கொடுங்கள்” என்று குவேக்கர் சொல்வார். “வேலையாள் தன் கூலிக்குப் பாத்திரனாயிருக்கிறான்” என்று குரு பதில் சொல்வார். இரண்டு வசனமும் இயேசு சொன்னதுதான், இரண்டுமே சீஷர்களை ஊழியத்துக்கு அனுப்பும்போது சொன்னவை.

நியாயமாகப் பார்த்தால் ஊர்க் குருவும் சிக்கலில்தான் இருந்தார். அவருக்கு அரசாங்கச் சம்பளம் இல்லை. தசமபாகமே வாழ்வாதாரம். மேலும் 16ஆம் நூற்றாண்டில் மடங்களைக் கலைத்தபோது பல ஊர்களின் தசமபாக உரிமை நிலப்பிரபுக்கள் கைக்குப் போயிருந்தது. அவர்களுக்கு அது வெறும் சொத்து, வாங்கலாம், விற்கலாம். ஆகவே குவேக்கர் கொடுக்க மறுத்தது குருவை மட்டும் அல்ல, சொத்துடையவர்கள் எல்லோரையும் கலக்கியது. தசமபாகத்தை இன்று மறுப்பவன் நாளை குத்தகையை மறுப்பான் என்று அவர்கள் நினைத்ததில் ஆச்சரியமில்லை.

மறுத்தவர் வீட்டுக்கு ஆள் வரும். பாக்கி சில ஷில்லிங் இருக்கும், ஓட்டிப்போவது ஒரு பசுமாடாக இருக்கும். ஜப்தி செய்த பொருளின் மதிப்பு பாக்கியைவிடப் பல மடங்கு என்பது குவேக்கர்களின் நிரந்தரப் புகார். எப்படித் தெரியும் என்றால், அவர்கள் எழுதி வைத்தார்கள். யாரிடமிருந்து, எந்த நாளில், எந்தக் குருவுக்காக, என்ன பொருள், என்ன மதிப்பு என்று ஊர் ஊராக. இந்தக் கணக்குகளைச் சேர்க்கவும் சட்ட உதவி செய்யவும் 1670களின் நடுவில் லண்டனில் ஒரு குழு வைத்தார்கள். பெயரே துன்பங்களுக்கான கூட்டம். 1753இல் ஜோசஃப் பெஸ் இந்தப் பதிவுகளிலிருந்து இரண்டு தடித்த தொகுதிகளை வெளியிட்டார். வரலாற்றில் இவ்வளவு சுத்தமாகத் தன் காயங்களைக் கணக்கெழுதிய சமூகம் வேறு உண்டா என்று எனக்குச் சந்தேகம். வியாபாரிகள் அல்லவா.

1689இல் சகிப்புச் சட்டம் வந்து வழிபாட்டுச் சுதந்திரம் கிடைத்தது. 1696இல் சத்தியத்துக்குப் பதிலாக உறுதிமொழி சொல்லலாம் என்று குவேக்கர்களுக்கென ஒரு சட்டம் வந்தது. வேடிக்கை என்னவென்றால், அதே சட்டத்தின் இன்னொரு பிரிவு, 10 பவுண்டு வரையிலான தசமபாக பாக்கியை இரண்டு நீதிபதிகளே விரைவாக வசூலித்துக் கொடுக்கலாம் என்றது. நாக்கை விடுவித்த கை பையைப் பிடித்துக்கொண்டது. 1736இல் வசூல் முறையை இன்னும் மென்மையாக்கக் குவேக்கர்கள் கொண்டுவரச் செய்த மசோதா கீழவையில் தேறியது. லண்டன் பேராயர் எட்மண்ட் கிப்சன் பேராயர்களைத் திரட்டி மேலவையில் அதைத் தோற்கடித்தார். அதுவரை பிரதமர் வால்போலின் வலது கையாக இருந்த கிப்சனுக்கு அத்தோடு அந்த உறவு முறிந்தது. தசமபாகம் விளைபொருளிலிருந்து பணக் கட்டணமாக மாறியது 1836இல்.

அந்த உறுதிமொழி வழி மட்டும் பெரிதாகிக்கொண்டே போனது. முதலில் குவேக்கர் போன்ற சில குழுவினருக்கு மட்டும் இருந்தது, நாத்திகரான சார்லஸ் பிராட்லாவின் போராட்டத்துக்குப் பிறகு 1888இல் இங்கிலாந்தில் எல்லோருக்கும் ஆனது. இந்திய அரசமைப்பின் மூன்றாம் அட்டவணையிலும் கடவுள் பெயரால் சொல்வது, உறுதி கூறுவது என்ற இரண்டு வழிகள் உண்டு. நம் ஊர் பதவியேற்பு விழாவில் அமைச்சர் ஒருவர் “உளமார உறுதி கூறுகிறேன்” என்று சொல்லும்போது, அவர் பெரியாரை நினைத்துச் சொல்லலாம். அந்தச் சட்ட வாசலை முதலில் தட்டித் திறந்தவர்கள் கடவுளைத் தவிர வேறு நினைப்பில்லாத குவேக்கர்கள்.

கட்சி மாறியவர்

எல்லோரும் ஒரே பக்கம் நிற்கவில்லை. ஜார்ஜ் கீத் ஸ்காட்லாந்துக்காரர், படித்தவர், பார்க்ளேயின் தோழர், ஃபாக்ஸோடும் பென்னோடும் பயணம் செய்தவர். பென்சில்வேனியாவில் இருந்தபோது, குவேக்கர்கள் உள்ளே இருக்கும் கிறிஸ்துவைப் பேசிப் பேசி, வெளியே சிலுவையில் மரித்த கிறிஸ்துவை மறந்துவிட்டார்கள் என்று 1690களின் தொடக்கத்தில் போர்க்கொடி தூக்கினார். ஆங்கிலிக்கன்கள் 40 ஆண்டுகளாகச் சொல்லிவந்த குற்றச்சாட்டு இப்போது உள்ளிருந்தே வந்தது. குவேக்கர்கள் அவரை விலக்கினார்கள். 1700இல் அவர் ஆங்கிலிக்கன் குருவானார். 1702இல் ஒரு புதிய மிஷன் சங்கம் அவரைத் தன் முதல் மிஷனரியாக அமெரிக்காவுக்கு அனுப்பியது. பழைய நண்பர்களின் கூட்டங்களுக்கே போய் எழுந்து நின்று வாதாடினார். ஃபாக்ஸ் கோயில்களில் செய்ததை கீத் குவேக்கர் கூட்டங்களில் செய்தார்.

அந்தச் சங்கம் வேறு எதுவுமல்ல, சுவிசேஷத்தைப் பரப்புவதற்கான ஆங்கிலிக்கன் சங்கமான எஸ்.பி.ஜி. நாசரேத், சாயர்புரம், இடையன்குடிக்காரர்களுக்கு அந்த மூன்றெழுத்தை விளக்க வேண்டியதில்லை. கால்டுவெல்லும் போப்பும் பின்னாளில் சேர்ந்து ஊழியம் செய்த அதே எஸ்.பி.ஜி.யின் முதல் ஊழியர் ஒரு முன்னாள் குவேக்கர்.

18ஆம் நூற்றாண்டில் சூடு தணிந்தது. 1753இன் கல்யாணச் சட்டம் எல்லோரும் ஊர்க் கோயிலில்தான் மணமுடிக்க வேண்டும் என்றபோது, யூதர்களுக்கும் குவேக்கர்களுக்கும் மட்டும் விலக்கு கொடுத்தது. ஆனால் 39 விதிகளில் கையெழுத்துப் போடாமல் ஆக்ஸ்ஃபோர்டில் சேர முடியாது, சத்தியம் செய்யாமல் நாடாளுமன்றத்தில் உட்கார முடியாது. 1698இல் தேர்வான ஜான் ஆர்ச்டேல் சத்தியம் மறுத்து இருக்கையை இழந்தார். 1833இல் ஜோசஃப் பீஸ் உறுதிமொழி சொல்லி அமரும் வரை அவை குவேக்கர்களுக்கு மூடியே இருந்தது. வழி அடைபட்ட குடும்பங்கள் வியாபாரத்தில் இறங்கின. பார்க்லேஸ், லாய்ட்ஸ் வங்கிகளும் கேட்பரி சாக்லேட்டும் அந்தக் குடும்பங்களிலிருந்து வந்தவை.

அடிமை வியாபாரத்தை ஒழிக்க 1787இல் லண்டனில் அமைந்த குழுவில் 12 பேர். ஒன்பது பேர் குவேக்கர்கள், மூவர் ஆங்கிலிக்கன்கள். பணமும் ஊர் ஊராகப் பரவிய தொடர்பு வலையும் குவேக்கர்களுடையவை. நாடாளுமன்றத்தில் பேச அவர்களால் முடியாது, அதனால் வில்லியம் வில்பர்ஃபோர்ஸ் என்ற ஆங்கிலிக்கன் உறுப்பினர் பேசினார்.

ஞானஸ்நானமும் திருவிருந்தும் இன்றும் தீராத வேறுபாடுகள். 1990இல் பிரிட்டன், அயர்லாந்து சபைகளுக்கு ஒரு புதிய கூட்டமைப்பு உருவானபோது, சேருகிறவர்கள் ஒரு விசுவாச அறிக்கையை ஏற்க வேண்டும் என்று விதி எழுதினார்கள். குவேக்கர்கள் எந்த அறிக்கையிலும் கையெழுத்துப் போடுவதில்லை. ஆங்கிலிக்கன்களும் மற்ற சபையினரும் உட்கார்ந்து, கொள்கையளவில் விசுவாச அறிக்கையே வைத்துக்கொள்ளாத சபையும் முழு உறுப்பினராகலாம் என்று ஓர் உட்பிரிவைச் சேர்த்தார்கள். குவேக்கர்கள் அதன் வழியாகச் சேர்ந்தார்கள்.